கையில் ஏழு கிளாவர் வந்தால் ஏலத்தில் என்ன சொல்வது?

பெரம்பூர், வியாசர்பாடி பக்கம் எங்களோடு பிரிட்ஜ் (நான்கு பேர் இரண்டு ஜோடியாக ஆடும் சீட்டாட்டம்) பழக வருகிறவர்களில் பெரும்பாலோர் ரம்மி ஆடிய கையோடு வருகிறார்கள். ரம்மியில் அவரவர் சீட்டை அவரவர் பார்த்துக்கொண்டால் போதும். இங்கே எதிரில் இருக்கும் பார்ட்னருக்கும் சேர்த்து யோசிக்க வேண்டும். நீளமான கிளாவரோ டைமனோ வந்து, எதிரணியும் ஏலத்தில் இறங்கிவிட்டால் பலர் திணறிப்போகிறார்கள். ஏலத்தின் அடிப்படை தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: முதலில் விலை

கிளாவர், டைமன் இரண்டுக்கும் ட்ரிக்குக்கு (ஆளுக்கு ஒரு சீட்டுப் போடும் சுற்றை வெல்வதற்கு) 20 புள்ளிதான். ஸ்பேடு, ஆட்டினுக்கு 30. கேமுக்கு (பெரிய போனஸ் கிடைக்கும் ஏலத்துக்கு) 100 வேண்டும். அதாவது 5 கிளாவர் சொன்னால், சொன்ன எண்ணோடு ஆறு சேர்த்து, 11 ட்ரிக் எடுத்தாக வேண்டும். துருப்பே இல்லாத 3 நோ டிரம்பிலும் கேம் உண்டு, அதற்கு 9 போதும். போதாக்குறைக்கு, ஏல வரிசையில் கிளாவர் அடிமட்டம், ஸ்பேடு அதற்கு எவ்வளவோ மேலே. அவர்கள் 2 ஸ்பேடு என்றால் நாம் 3 கிளாவருக்குப் போக வேண்டும். 3 ஸ்பேடு என்றால் 4 கிளாவர். அங்கே 3 நோ டிரம்ப் கைநழுவிப் போய்விடும்.

அதனால் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: மைனர் சூட் (கிளாவர் அல்லது டைமன்) நீளமாக இருந்தால், சொல்ல வேண்டியதை முதல் வாய்ப்பிலேயே முழுசாகச் சொல்லுங்கள். அப்புறம் பேசாமல் இருங்கள்.

படி 2: வலு குறைந்த கை

வலதுபக்கத்து ஆள் 1 ஸ்பேடு என்று தொடங்குகிறார். உங்கள் கை:

ஸ்பேடு 6
ஆட்டின் 8, 3
டைமன் 10, 4, 2
கிளாவர் ராஜா, ராணி, ஜாக்கி, 9, 7, 5, 4

நிதானமாக எண்ணுங்கள். கிளாவர் துருப்பானால் ஏஸுக்கு ஒன்று போனாலும் ஆறு ட்ரிக் பெரும்பாலும் உங்களுக்கே. 3 கிளாவருக்கு வேண்டியது 9. பார்ட்னர் கையில் ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் மூன்று குறையும். எதிரணி டபுள் (அபராதத்தைக் கூட்டும் அறிவிப்பு) போட்டால், நீங்கள் வல்னரபிள் (போனஸும் அபராதமும் கூடும் நிலை) இல்லாதபோது 500 அபராதம். டூப்ளிகேட் (ஒரே சீட்டைப் பல மேசையில் ஆடும் முறை) கணக்கில் எதிரணியின் 4 ஸ்பேடு ஜெயித்தால் அவர்களுக்கு வல்னரபிளில் 620, இல்லையென்றால் 420. ஆக அவர்கள் மட்டும் வல்னரபிள் என்றால் தயங்காமல் 3 கிளாவர்! இரண்டு அணியும் வல்னரபிள் இல்லை என்றாலும் நான் சொல்வேன். பார்ட்னரிடம் ஒரு ட்ரிக்காவது இருக்கும். நீங்கள் வல்னரபிள் என்றால் அதே மூன்று குறைவுக்கு 800. அப்போது பாஸ்.

படி 3: அப்புறம் பார்ட்னர் பாடு

3 கிளாவர் சொல்லியாயிற்று. இடதுபக்கம் 4 ஸ்பேடு, பார்ட்னர் பாஸ், வலதும் பாஸ். இப்போது கை பரபரக்கும். 5 கிளாவர் சொல்லாதீர்கள். உங்களிடம் ஏழு இருப்பது பார்ட்னருக்குத் தெரியும். அவரிடம் எத்தனை என்பது உங்களுக்குத் தெரியாது. கணக்குப் போடக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

அந்தக் கணக்கை பிரெஞ்சுக்காரர் ழான்-ரெனே வெர்ன் 1960-களில் எழுதினார். அதிலிருந்து வந்த நடைமுறை விதி: இரண்டு பேரிடமும் சேர்த்து எத்தனை துருப்போ, அத்தனை ட்ரிக் வரைக்கும் ஏலத்தை ஏற்றலாம். பார்ட்னரிடம் இரண்டு கிளாவர் என்றால் மொத்தம் 9, மூன்றாம் மட்டம் (3 கிளாவர்) போதும். நான்கு இருந்தால் 11. அவரே 5 கிளாவர் சொல்வார். இது கல்லில் எழுதியதல்ல, ஆனால் புதியவர்களுக்கு இதைவிட நல்ல துணை எனக்குத் தெரியாது.

படி 4: வலுவான கை

ஸ்பேடு ராஜா, 4
ஆட்டின் ஏஸ், ராணி
டைமன் 7, 2
கிளாவர் ஏஸ், ராஜா, ராணி, 8, 6, 5, 3

வலதுபக்கம் 1 ஆட்டின். கிளாவரைப் பற்றி வாயே திறக்காமல் நேராக 3 நோ டிரம்ப் சொல்லுங்கள். இடதுபக்கத்தவர் தன் பார்ட்னர் சொன்ன ஆட்டினைத்தான் பெரும்பாலும் இறக்குவார். அந்தச் சுற்றில் கடைசியாகப் போடுவது நீங்கள் என்பதால் ஏஸ், ராணி இரண்டும் ட்ரிக். கிளாவர் ஒரே கையில் குவிந்திருக்காவிட்டால் ஏழு. மொத்தம் ஒன்பது, முடிந்தது. டைமனை இறக்கினால் ஆபத்துதான், ஆனாலும் 11 ட்ரிக் தேடி அலைவதைவிட இது மேல்.

பழகும் விதம்

ஒரு கட்டிலிருந்து படி 2-இல் உள்ள 13 சீட்டைப் பொறுக்கி எடுத்து வையுங்கள். மீதி 39-ஐக் கலைத்து மூன்று பேருக்குப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் பார்ட்னருக்கு எத்தனை கிளாவர் வந்தது, 3 கிளாவரில் எத்தனை ட்ரிக் கிடைத்தது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள்.