கரையாத கெல்லன், உறையாத கெல்லன்

ஒளி ஊடுருவும் கூழ்த் தட்டுகளைத் தயாரிக்க கடற்பாசியிலிருந்து கிடைக்கும் அகாருக்குப் பதிலாக, ஸ்பிங்கோமோனாஸ் பாக்டீரியம் சுரக்கும் கெல்லன் என்ற கூழாக்கும் சர்க்கரைச் சங்கிலிப் பொருளை (அசைல் எனும் பக்கத் தொகுதிகள் பெரும்பாலும் நீக்கப்பட்ட வகை) எடுத்துக்கொண்டபோது, முதல் வாரம் முழுவதும் எனக்குத் தோல்விதான். கடினத்தன்மை மிகுந்த குழாய் நீரில் 0.5 சதவீதம் கலந்து 80 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கியும் அடியில் வழவழப்பான மணிகள் மிஞ்சின. ஒன்றை விரலிடையே நசுக்கினேன், வெளியே பசை, உள்ளே உலர்ந்த தூள். காய்ச்சி வடித்த நீருக்கு மாறியதும் தூள் நன்றாகக் கரைந்தது, ஆனால் ஆறிய பின்னும் இறுகவில்லை.

இரண்டு தோல்விகளுக்கும் காரணம் ஒன்றே என்பது பிறகுதான் புரிந்தது. சூட்டில் தளர்ந்து கிடக்கும் கெல்லன் சங்கிலிகள், ஆறும்போது இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு இரட்டைச் சுருள்களாகின்றன; ஆனால் சங்கிலியில் உள்ள குளுக்குரோனிக் அமிலம் என்ற சர்க்கரை அமிலம் தரும் எதிர்மின்னூட்டத்தால் அச்சுருள்கள் ஒன்றையொன்று விலக்குவதால், கால்சியம் போன்ற நேர்மின் அயனிகள் இடையே புகுந்தால்தான் அவை இணைந்து உறுதியான வலைப்பின்னலாகும். குழாய் நீரில் அந்தக் கால்சியம் முன்கூட்டியே இருந்து, தூள் நீரேறிப் பிரிவதையே தடுத்துவிட்டது. வடிநீரிலோ அது இல்லவே இல்லை.

ஆகவே தூளைக் குளிர்ந்த வடிநீரில் தூவிக் கலக்கி, 90 டிகிரிக்கு மேல் சூடாக்கி, முழுதும் தெளிந்த பிறகே சூடான கால்சியம் குளோரைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக, லிட்டருக்கு 5 மில்லிமோல் வரும்வரை சேர்த்தேன். (ஒருமுறை அவசரப்பட்டுக் குளிர்ந்த கரைசலை ஊற்றியதில் எல்லாம் நூல் நூலாகத் திரிந்தது; அந்தக் குடுவையைக் கழுவிய அலுப்பு இன்னும் மறக்கவில்லை.) ஆறிய தட்டைக் கவிழ்த்துப் பார்த்தேன், கூழ் நழுவவில்லை, அடியில் ஒட்டியிருந்த சீட்டின் எழுத்துகளை அதன் வழியே படிக்க முடிந்தது.