கிளவுட் கேடில் தொடரும் பென்டிரைவ் பழக்கங்கள்

கிண்டியில் டிசைன், அம்பத்தூரில் லேசர் கட்டிங், ஒரகடத்தில் அசெம்பிளி. இப்படிப் பிரிந்து கிடக்கும் டீம்கள் ஆன்ஷேப், ஃபியூஷன் என்று ஃபைல்களைக் கிளவுடில் வைக்கும் கேட் (CAD, கணினியில் பாகங்களை வடிவமைக்கும்) மென்பொருளுக்கு மாறிய பிறகும் பழக்கம் மட்டும் மாறுவதில்லை. 'பிராக்கெட் ஃபைனல்', 'பிராக்கெட் ஃபைனல் புதுசு', கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப்.

இதில் பெரிய தவறு, ரெவிஷனை, அதாவது இது எத்தனையாவது திருத்தம் என்பதை, ஃபைல் பெயரில் எழுதுவது. ரெவ் ஏ-யைக் காப்பி எடுத்து ரெவ் பி என்று புது ஃபைல் போட்டால், பாகங்களைச் சேர்த்துக் காட்டும் அசெம்பிளி மாடல் பழைய ஃபைலையே பிடித்துக்கொண்டிருக்கும். துளை 8.5 மி.மீ.யிலிருந்து 9 ஆனது டிராயிங்கில் தெரியும், அசெம்பிளியில் தெரியாது. போல்ட் மாட்டும்போதுதான் வெளிச்சத்துக்கு வரும். பெயரில் பார்ட் நம்பரும் இரண்டு சொல் விவரமும் போதும். மாற்றத்தை அதே ஃபைலுக்குள் வெர்ஷனாகச் சேமியுங்கள். என்ன மாறியது, யார் கேட்டார்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். வெறும் 'வெர்ஷன் 14' ஆறு மாதம் கழித்து எழுதியவருக்கே புரியாது.

ஆன்ஷேப்பில் இன்னொரு டாக்குமெண்டிலிருந்து பாகத்தைக் கொண்டுவந்தால், அது குறிப்பிட்ட ஒரு வெர்ஷனோடுதான் இணையும். மூலத்தைத் திருத்தினாலும் இங்கே தானாக மாறாது. புது வெர்ஷன் போட்டபின் அப்டேட் குறி வரும். தொல்லை என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் யாரோ சோதனைக்காக இழுத்த ஸ்கெட்ச், கட்டிங்குக்குப் போன அசெம்பிளியைக் கலைக்காமல் இருப்பது இதனால்தான். அந்தக் குறியைப் பார்த்து அப்டேட் கொடுக்க வேண்டியவர் யார் என்று ஒருவரை முடிவு செய்துவிடுங்கள். 'எல்லோரும் பார்த்துக்கலாம்' என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

வெண்டருக்கு எடிட் உரிமை வேண்டாம். பார்க்கவும், தேவையானால் எக்ஸ்போர்ட் செய்யவும் அனுமதி போதும். வேலை முடிந்ததும் அதையும் எடுத்துவிடுங்கள். லேசருக்கு டிஎக்ஸ்எஃப் (வெட்டும் கோடுகள் உள்ள 2டி ஃபைல்) போகும்போது மடித்த வடிவம் அல்ல, தகட்டை விரித்துக் காட்டும் ஃபிளாட் பேட்டர்ன் போக வேண்டும். மில்லிமீட்டர் ஃபைலை அங்குலமாகத் திறந்தால் பாகம் 25.4 மடங்கு பெரிதாகும். அதனால் ஏதாவது ஒரு வெளி அளவைச் செய்தியிலேயே எழுதி அனுப்புங்கள். வெண்டர் திருத்திய ஸ்டெப் ஃபைலை (எந்த கேட் மென்பொருளுக்கும் பொதுவான 3டி ஃபைல்) திரும்ப ஏற்றி, அதையே மூலமாக்கவும் வேண்டாம்: ஸ்டெப்பில் வடிவம் வரும், அதை உருவாக்கிய படிகளான ஃபீச்சர் வரலாறு வராது. மாற்றத்தை உங்கள் மாடலிலேயே செய்யுங்கள்.

இலவசக் கணக்கில் கஸ்டமர் வேலையை வைப்பது கிட்டத்தட்ட விபரீதம். ஆன்ஷேப்பின் இலவசக் கணக்கில் உருவாக்கும் டாக்குமெண்ட்கள் பொதுவானவை. முன்பின் தெரியாதவர்கூடப் பார்க்கலாம், காப்பி எடுக்கலாம்.

கடைசியாக உரிமையாளர் யார் என்பது. ஃபைல்கள் ஊழியரின் சொந்த மின்னஞ்சல் கணக்கில் இருந்தால், அவர் வேலையை விடும் வாரத்தில் ஓட்டம் தொடங்கும். நிறுவனக் கணக்கில் புராஜெக்ட் உருவாக்கி, நிர்வாக உரிமையை இரண்டு பேரிடம் கொடுங்கள்.