பிள்ளையோடு ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லையா? ஆட்கொணர்வு மனு பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்

வெளிநாட்டுக்கு வந்த புதிதில் வீடு, வேலை, பள்ளிக்கூடம், லைசென்ஸ் என்று ஓடிக்கொண்டிருப்போம், இதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஆனால் கணவன் மனைவிக்குள் பிரிவு வந்து, லீவுக்குப் போகிறேன் என்று பிள்ளையோடு தமிழ்நாட்டுக்குப் போனவர் இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால், தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்லும் முதல் வார்த்தை "உடனே ஹேபியஸ் கார்ப்பஸ் போடு" என்பதுதான். போடலாம். ஆனால் மனு போட்டால் போலீஸ் போய்ப் பிள்ளையைத் தூக்கி வந்து உங்கள் கையில் கொடுத்துவிடும் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள்.

ஹேபியஸ் கார்ப்பஸ், அதாவது ஆட்கொணர்வு மனு என்பது சட்டவிரோதமாகப் பிடித்து வைக்கப்பட்ட ஆளை நீதிபதி முன்னால் கொண்டுவந்து நிறுத்தச் சொல்வது. அரசியலமைப்பின் 226-வது பிரிவில் உயர் நீதிமன்றத்திலும் 32-வது பிரிவில் நேராக உச்ச நீதிமன்றத்திலும் போடலாம். பெற்ற அம்மாவிடமோ அப்பாவிடமோ இருக்கிற பிள்ளையை எப்படிச் சட்டவிரோதக் காவல் என்று சொல்வது? எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது இதைத்தான். பிள்ளையை வைத்திருப்பவருக்குச் சட்டப்படி அந்த உரிமை இல்லை என்றால்தான் இந்த மனு செல்லும், மற்றபடி 1890-ம் வருடத்துக் காப்பாளர் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டுக்கொள்ளுங்கள் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கில் பிள்ளையை வைத்திருந்தவர்கள் இறந்துபோன அம்மாவின் உறவினர்கள், எதிரே நின்றவர் அப்பா, அதனால் அப்பாவுக்குச் சாதகமாக முடிந்தது. இரண்டு பக்கமும் பெற்றவர்களே என்றால் அவ்வளவு சுலபம் இல்லை. அங்கேதான் நீங்கள் வாழும் நாட்டு நீதிமன்றத்தின் உத்தரவு கைகொடுக்கும். அதை மீறிப் பிள்ளையை வைத்திருக்கிறார் என்று காட்ட முடிந்தால் மனுவுக்கு உயிர் வரும்.

அந்த உத்தரவு மட்டும் போதுமா என்றால், போதாது. பிரிட்டனிலிருந்து இரண்டு பெண் பிள்ளைகளைக் கோயம்புத்தூருக்கு அழைத்து வந்துவிட்டார் ஒரு அம்மா. அப்பா பிரிட்டன் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கிக்கொண்டு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார், மனு தள்ளுபடியானது, உச்ச நீதிமன்றம் போனார், 2015-ல் ஜெயித்தார். முதலில் உருப்படியான உத்தரவு போட்டது பிரிட்டன் நீதிமன்றம், அதை மதிக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஆனால் 2017-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு, பிரிட்டன் சம்பந்தப்பட்ட இன்னொரு வழக்கில், அந்த வாதத்தை ஏற்கவில்லை. வெளிநாட்டு உத்தரவு பார்க்கவேண்டிய பல விஷயங்களில் ஒன்றுதான், பிள்ளையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேலே என்று சொல்லி, இதயக் கோளாறு உள்ள அந்தச் சிறுமியை அம்மாவிடமே விட்டுவிட்டது. 2022-ல் மறுபடி வேறு முடிவு: பிள்ளைகளைச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் அப்பா, அமெரிக்காவில் இருந்த அம்மா நேராக உச்ச நீதிமன்றத்தில் மனு போட்டார், பிள்ளைகளைத் திரும்ப அனுப்ப உத்தரவு வந்தது. ஆக, "கட்டாயம் கிடைக்கும்" என்று சொல்லும் வக்கீலிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

பிள்ளை எங்கே வேர் பிடித்திருக்கிறது என்பதுதான் நீதிபதிகள் முக்கியமாகப் பார்ப்பது. எத்தனை வருடம் அங்கே படித்தது, எந்த மொழி பேசுகிறது, எந்த நாட்டுக் குடியுரிமை, வயது என்ன, திருப்பி அனுப்பினால் உடலுக்கோ மனதுக்கோ ஆபத்து உண்டா, எல்லாம் வரும். ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளை சாதாரணமாக அம்மாவிடம் இருக்க வேண்டும் என்று 1956-ம் வருடத்து இந்து மைனர் சட்டம் சொல்வதையும் எடுப்பார்கள். இதில் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. வந்து நான்கு மாதம்தான் ஆகிறது என்றால் வேர் இன்னும் இந்தியாவில்தான் என்று சொல்லிவிட முடியும். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களின் சட்டப்படி, பிள்ளை ஆறு மாதம் வாழ்ந்த இடம்தான் அதன் சொந்த மாநிலம், அதற்குள் பிரச்சினை வந்தால் அங்குள்ள நீதிமன்றமே இது எங்கள் வழக்கு இல்லை என்று சொல்லலாம்.

அதே காரணத்தால்தான் தாமதம் செய்யக்கூடாது. பெரியவர்கள் பேசித் தீர்ப்பார்கள் என்று காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் பிள்ளை அங்கே புதுப் பள்ளியில் பழகிக்கொண்டிருக்கும். பேச்சுவார்த்தை நடக்கட்டும், கூடவே நீங்கள் இருக்கும் ஊரின் குடும்ப நீதிமன்றத்தில் உடனே மனு போட்டு உத்தரவு வாங்குங்கள். பள்ளி ரெக்கார்டு, டாக்டர் ரெக்கார்டு, ரிட்டர்ன் டிக்கெட், "இந்தத் தேதிக்கு வந்துவிடுவேன்" என்று அனுப்பிய வாட்ஸ்அப், எதையும் அழித்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் வழக்கு நடத்த உங்கள் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ பவர் கொடுப்பதென்றால் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திடுங்கள், அல்லது அந்த நாட்டில் வசதி இருந்தால் அப்போஸ்டில் (பத்திரம் உண்மையானது என்று அந்நாட்டு அரசு தரும் சான்று) வாங்குங்கள். அந்தப் பத்திரம் இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும், பலர் மறப்பது இது.

பிள்ளை மதுரை, நெல்லை, திருச்சி, தஞ்சாவூர் பக்கம் இருந்தால் மதுரைக் கிளையில் போட வேண்டும், கோவை, சேலம், வேலூர் என்றால் சென்னையில். வழக்கமாக உள்ளூர் போலீசில் புகார் கொடுத்து அந்த ரசீதோடுதான் மனு போடுவார்கள். இரண்டு நீதிபதிகள் அமர்வு விசாரிக்கும், பிள்ளையைத் தனியாக அழைத்துப் பேசுவார்கள், பலமுறை சமரச மையத்துக்கும் அனுப்புவார்கள். உங்கள் மனுவிலேயே விமான டிக்கெட், தனி வீடு, மாதச் செலவு, அவர் திரும்பி வந்தால் கைது நடக்காமல் பார்த்துக்கொள்வது எல்லாம் என் பொறுப்பு என்று எழுதிக் கொடுங்கள். "அவள் மட்டும் பிள்ளையை அனுப்பிவிட்டால் போதும்" என்ற தொனியில் போகிறவர்களை எந்த நீதிபதிக்கும் பிடிக்காது. பிள்ளை கிடைக்காவிட்டாலும் தினமும் வீடியோ காலில் பேசும் உரிமையைக் கேளுங்கள், 2020-ல் உச்ச நீதிமன்றமே அதை வலியுறுத்தியிருக்கிறது.

ஈழத் தமிழர்களுக்குக் கணக்கு வேறு. கடத்தப்பட்ட பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவதற்கான 1980-ம் வருட ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை, அதனால்தான் இத்தனை கோர்ட் அலைச்சல். இலங்கை 2001-லேயே சேர்ந்து தனிச் சட்டமும் போட்டுவிட்டது. பிள்ளை இலங்கைக்குப் போயிருந்தால், நீங்கள் வாழும் நாட்டுக்கும் இலங்கைக்கும் இடையே அந்த உடன்படிக்கை அமலில் இருக்கிறதா என்று பார்த்து, நீங்கள் வாழும் நாட்டின் மத்திய அதிகார அமைப்பு (இந்த உடன்படிக்கை விண்ணப்பங்களைக் கவனிக்கும் அரசு அலுவலகம்) வழியாக விண்ணப்பியுங்கள். ஒரு வருடத்துக்குள் போட்டால் பலம் அதிகம்.

அப்புறம், பிள்ளையோடு கிளம்ப நினைப்பவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மற்றவரின் சம்மதமில்லாமல் கூட்டிப் போவது பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றிலும் குற்ற வழக்காக முடியலாம். அடி, மிரட்டல் என்றால் முதலில் அங்கேயே போலீசில் பதியுங்கள், பாதுகாப்பு உத்தரவு கேளுங்கள், டாக்டர் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சென்னையில் பேசப்போவது அந்தக் காகிதங்கள்தான்.

போய்விடுவார் என்று சந்தேகம் வந்தால் அன்றைக்கே தடுக்கப் பாருங்கள். பிரிட்டனில் ஆபத்து உடனடி என்று போலீஸ் நம்பினால் விமான நிலையங்களுக்கு எச்சரிக்கை அனுப்புவார்கள், அது 28 நாள் நிற்கும். ஆஸ்திரேலியாவில் நீதிமன்றத்தில் மனு போட்டுக் கண்காணிப்புப் பட்டியலில் பிள்ளையின் பெயரைச் சேர்க்கலாம். அமெரிக்காவில் பிள்ளைக்குப் புதிதாக அமெரிக்கப் பாஸ்போர்ட் விண்ணப்பித்தால் உங்களுக்குத் தகவல் சொல்லும் திட்டம் இருக்கிறது, ஆனால் நாட்டைவிட்டு வெளியேறுகிறவர்களைச் சோதிக்கும் இமிகிரேஷன் கவுண்டர் அங்கே கிடையாது. பிள்ளையிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட் என்றால் அந்தத் திட்டத்தால் பயனில்லை, அதை யார் கையில் வைத்திருப்பது என்பதை நீதிமன்ற உத்தரவிலேயே எழுதச் சொல்லுங்கள்.