மீகடத்தியில் நுண்ணலை உறிஞ்சல்: சுழிப் புலத்தருகே நேரும் தவறுகள்

பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமிருந்து வந்து எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு இட்ரியம்-பேரியம்-தாமிர ஆக்சைடு வில்லை சுடும் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். 1987-இல் கண்டறியப்பட்ட இந்தப் பீங்கான் சுமார் 92 கெல்வினில் மீகடத்தியாகிறது, அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்துகிறது. திரவ நைட்ரஜனின் 77 கெல்வினே போதும். காந்தப் புலத்தை மாற்றிக்கொண்டே மாதிரி எவ்வளவு நுண்ணலையை உறிஞ்சுகிறது என்று அளக்கும் ஈ.பி.ஆர். (எலக்ட்ரான் பாராகாந்த ஒத்ததிர்வு) கருவியில் வைத்துக் குளிர்வித்தால், காந்தப் புலம் சுழியாகும் (பூஜ்ஜியமாகும்) இடத்தருகே பலமான சிக்னல் எழும்.

அந்தச் சிக்னலைக் கண்டதும் மீகடத்தல் உறுதி என்று எழுதிவிடுவதுதான் முதல் தவறு. சில ஃபெர்ரோ காந்தப் பொருள்களும் சுழியருகே இப்படியே காட்டும். வெப்பநிலையை மெல்ல ஏற்றுங்கள். 92-ஐத் தாண்டியதும் சிக்னல் மறைகிறதா என்பதே சோதனை. 300 மில்லிடெஸ்லாவுக்கு மேல் தெரியும் சிக்னலையும் இதோடு குழப்ப வேண்டாம். அது பெரும்பாலும் வில்லையில் கலந்துவிட்ட பச்சை நிற மாசுச் சேர்மத்திலுள்ள தாமிர அயனியுடையது.

சுழி என்று திரையில் தெரிவதையும் நம்ப வேண்டாம். மின்காந்தத்தின் இரும்பில் எஞ்சு காந்தம் இருக்கும். எதிர்த்திசைப் புலத்தையும் தொட்டு வரும்படி புலத்தை ஸ்வீப் செய்தால்தான் உண்மையான சுழி எங்கே என்று புரியும். புலத்தோடு குளிர்வித்ததா, புலமின்றியா என்பதையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். வில்லைக்குள் சிக்கிய காந்தப் பாயம் வளைகோட்டின் வடிவத்தையே மாற்றிவிடும். மாடுலேஷன் (புலத்தின்மேல் ஏற்றும் சிறு அலைவு) வீச்சைக் கூட்டினால் சிக்னல் பெரிதாகும், ஆனால் ஹிஸ்டெரிசிஸ் (புலத்தை ஏற்றும்போதும் இறக்கும்போதும் வளைகோடு வேறுபடுவது) அழிந்துபோகும்.

ஆக்சிஜனை யாரும் நினைப்பதில்லை. 90 கெல்வினில் கொதிக்கும் அந்த வாயு பாராகாந்தம் உடையது, அதாவது காந்தப் புலத்தால் லேசாக ஈர்க்கப்படும். குழாயில் காற்று அடைபட்டிருந்தால் அதிலுள்ள ஆக்சிஜன் திரவமாகிப் பொய்ச் சிக்னல் தரும். காற்றை வெளியேற்றி ஹீலியம் நிரப்பி மூடுங்கள்.

எங்கள் பக்கத்தில் எல்லாவற்றையும்விடக் கெடுதல் செய்வது ஈரம். பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் வில்லையைத் திறந்த மேசையில் வைக்கவே கூடாது. ஈரம் பட்டால் பேரியம் ஹைட்ராக்சைடாகி, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு கூடிக் கார்பனேட்டாகும். முதலில் கெடுவது வில்லையிலுள்ள நுண்ணிய படிக மணிகளுக்கு இடையிலான இணைப்புகள். நுண்ணலை உறிஞ்சலைத் தருபவையும் அந்த இணைப்புகளே. இரு மீகடத்தி மணிகளை மெல்லிய, பலவீனமான பகுதி இணைக்கும் ஜோசப்சன் சந்திகள் அங்கேதான் உள்ளன. ஆகவே எக்ஸ்-கதிர் வரைபடம் நன்றாக இருக்கும்போதே சிக்னல் மாறிப்போயிருக்கும். அளந்து முடிந்த குளிர் மாதிரியை வெறும் காற்றில் எடுத்தாலும் அதன்மேல் நீர் படியும். உலர் நைட்ரஜன் ஓட்டத்திலேயே அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டெசிக்கேட்டரில் (உலர் மூடுகலத்தில்) வையுங்கள். ஜெல் நிறம் மாறியிருந்தால் முதலில் அதைச் சூடேற்றி உலர்த்துங்கள்.