கிரிப்டோ வாங்குமுன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள்

2022 மே 11, நள்ளிரவு தாண்டி மணி ஒன்றரை. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். கீழே படுக்கையில் போன் வெளிச்சம் தெரிந்தால் மனைவி எழுந்துவிடுவாள், அதனால்தான் மாடி. கையில் இருந்த 40 ஆயிரம் ரூபாய், ஜூன் மாதம் மகளுக்குக் கட்ட வேண்டிய பள்ளிக் கட்டணம். ஒரு நிமிடத்தில் அதற்கும் லூனா என்ற கிரிப்டோ காயினை வாங்கினேன்.

அது மூன்றாவது முறை. 9-ந் தேதி இரவு ஒரு காயின் 4,700 ரூபாய் இருந்தபோது 20 ஆயிரத்துக்கு வாங்கினேன். மறுநாள் 2,400-க்கு வந்தது, "ஆவரேஜ் பண்ணலாம்", அதாவது குறைந்த விலையில் இன்னும் வாங்கி சராசரி விலையைக் குறைக்கலாம் என்று இன்னொரு 20 ஆயிரம். கடைசியில் ஆயிரத்துச் சொச்சத்துக்கு இந்த 40 ஆயிரம். மே 13 மாலையில் என்னிடம் இருந்த நாற்பத்திச் சொச்சம் லூனாவையும் விற்க முடிந்திருந்தால்கூட ஒரு டீ குடித்திருக்க முடியாது.

நான் சென்னிமலைப் பக்கம் பெட்ஷீட் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் பதினெட்டு வருடமாக அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவன். வவுச்சர் இல்லாமல் 50 ரூபாய் பெட்டிக் காசு தரமாட்டேன். அப்படிப்பட்டவன் 80 ஆயிரத்தை ஒரு வரிகூட எழுதாமல் விட்டேன். இந்தக் கட்டுரையில் எந்தக் காயின் வாங்கலாம் என்று சொல்லப்போவதில்லை, அது எனக்குத் தெரியாது. அந்த 80 ஆயிரத்துக்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட ஒரு நோட்டைப் பற்றியும், அதை எப்படி எழுதுவது என்பதையும் சொல்கிறேன்.

முதலில் அந்த லூனா. யுஎஸ்டி (UST) என்று ஒரு காயின், எப்போதும் ஒரு டாலர் மதிப்பிலேயே நிற்கும் என்றார்கள். அதை ஆங்கர் என்ற திட்டத்தில் போட்டால் ஆண்டுக்கு கிட்டத்தட்ட 20 சதவீத வட்டி. யுஎஸ்டி ஒரு டாலருக்குக் கீழே போனால், அதைக் கொடுத்துவிட்டு ஒரு டாலர் மதிப்புள்ள லூனாவை வாங்கிக்கொள்ளலாம், இதுதான் முட்டுக்கொடுத்த கம்பு. கூட்டம் மொத்தமாக வெளியே ஓடியபோது கம்பே பாரமாகிவிட்டது. யுஎஸ்டியைக் கொடுத்த அத்தனை பேருக்கும் தர புது லூனா அச்சடித்துக்கொண்டே போனார்கள். சுமார் 35 கோடியாக இருந்த எண்ணிக்கை சில நாளில் 6.5 லட்சம் கோடி ஆனது. நான் மாடியில் உட்கார்ந்து விலை குறைந்திருக்கிறதே என்று வாங்கிக்கொண்டிருந்த பொருள், நான் வாங்குகிற நேரத்திலேயே அச்சாகிக்கொண்டிருந்தது.

யுஎஸ்டி ஒரு டாலரை விட்டு இறங்கிவிட்டது என்பது எனக்கும் தெரியும். செய்தி வந்திருந்தது, படித்தேன், "சரியாகிவிடும்" என்று நகர்ந்துவிட்டேன். வாங்கும்போதே ஒரு தாளில் "யுஎஸ்டி ஒரு டாலரை விட்டு இறங்கினால் இதில் நிற்கக் கூடாது" என்று எழுதியிருந்தால், 40 ஆயிரமாவது மிஞ்சியிருக்கும் என்று நினைக்கிறேன்.

எங்கள் அப்பா ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதியவர். 2010 கடைசியில் குவிண்டால் 15 ஆயிரத்தைத் தாண்டியபோது விவசாயிகள் மூட்டையைக் கிடங்கிலேயே வைத்துக்கொண்டார்கள், 20 ஆயிரம் வரும் என்று. 2012-ல் 5 ஆயிரத்துக்கும் கீழே போனது. அப்போதும் பலர் விற்கவில்லை, "அன்னிக்கே 15-க்குக் கேட்டாங்க" என்பதுதான் பேச்சு. மூட்டையில் வண்டு விழும்வரை அந்தப் பேச்சு ஓடியது. அப்பா அப்போது சொன்னது: "கண்ணு, நீ என்ன வெலைக்கு வாங்குனேன்னு மஞ்சளுக்குத் தெரியாது." அதைக் கேட்டுச் சிரித்தவன், பத்து வருடம் கழித்து 4,700 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு மாடியில் குந்தியிருந்தேன்.

சரி, நோட்டுக்கு வருவோம். பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் கோடு போட்ட நோட்டு போதும். போனில் எழுத வேண்டாம். போனில் எழுதினால் திருத்தலாம், அழிக்கலாம், அடுத்த நொடியே விலை பார்க்கவும் போய்விடுவோம். பேனாவால் எழுதுங்கள். என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது:

தேதி: 2023 ஜனவரி 14, சனி (போகி), காலை 11.
என்ன: பிட்காயின். மாதம் 2,000 ரூபாய், 24 மாதம்.
பணம் எங்கிருந்து: ஞாயிற்றுக்கிழமை கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் போட்டு வருவது. சம்பளத்தில் தொடக் கூடாது.
ஏன்: மொத்தமே 2 கோடியே 10 லட்சம் காயின்தான் வரும். நான்கு வருடத்துக்கு ஒருமுறை புது வரத்து பாதியாகும், அடுத்தது 2024-ல்.
எப்போது விற்பேன்: 1 லட்சம் டாலர் வந்தால் பாதி.
எது நடந்தால் நான் தப்பு: மகள் கட்டணத்திலோ வீட்டுக் கடன் தவணையிலோ கை வைக்க நேர்ந்தால் அந்த மாதமே நிறுத்தம். அரசு தடை போட்டால் மொத்தமும் விற்பது.

இதில் "ஏன்" என்ற வரியை எல்லோரும் சுலபமாக எழுதிவிடுவார்கள், ஏனென்றால் அது யூடியூப்பில் கேட்டதுதான். கடைசி வரியில்தான் பேனா நிற்கும். எனக்கு முதல் முறை அரை மணி நேரம் நின்றது. "எது நடந்தால் நான் தப்பு" என்று எழுத ஒன்றும் தோன்றவில்லை என்றால், அந்தப் பொருளைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். அப்படி ஐந்தாறு காயின்களை நான் வாங்காமல் விட்டிருக்கிறேன். அவற்றில் இரண்டு நன்றாக ஏறின. போகட்டும்.

எழுதியபின் ஒரு ராத்திரி போக வேண்டும். மறுநாள் பகலில்தான் வாங்கலாம். பங்குச் சந்தை மதியம் மூன்றரைக்குக் கடை சாத்திவிடுகிறது. கிரிப்டோவுக்கு ஞாயிறு கிடையாது, தீபாவளி கிடையாது, இரவு கிடையாது. ஷட்டரை நாம்தான் இழுத்துவிட வேண்டும். லூனா போனபின் என் பழைய வாங்கல் விற்றல் எல்லாவற்றையும் எடுத்து மணிவாரியாகப் பிரித்தேன், தொழில் புத்தி. மொத்தம் 61. அதில் 38 இரவு பத்து மணிக்கு மேல். பகலில் வாங்கியதில் பெரிய சூடு ஒன்றும் இல்லை. இப்போது காலை பத்துக்கு முன்பும் மாலை ஆறுக்குப் பின்பும் அந்த ஆப்பைத் திறப்பதில்லை. பொய் சொல்லக் கூடாது, திறந்திருக்கிறேன், வாங்கியதில்லை.

எவ்வளவு போடலாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் சோதனை கொஞ்சம் சங்கடமானது. பிட்காயின் 2021 நவம்பரில் 69 ஆயிரம் டாலரைத் தொட்டு, ஒரே வருடத்தில் 16 ஆயிரத்துக்கும் கீழே வந்தது. 2017 கடைசியில் 20 ஆயிரத்தை நெருங்கி, அடுத்த டிசம்பரில் 3,200-ஐ ஒட்டி நின்றது. ஆகவே பத்தில் எட்டுப் பங்கு போவது இந்தச் சந்தையில் அதிசயம் இல்லை, வழக்கம். பெரிய காயினுக்கே இந்தக் கதி. அப்படிப் போனால் மிச்சத்தொகை ஐந்து மடங்கானால்தான் பழைய இடத்துக்கு வரும். நீங்கள் போட நினைக்கும் தொகையில் பத்தில் எட்டுப் பங்கைக் கணக்குப் போட்டு, வீட்டில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், 20 ஆயிரம் போடுவதாக இருந்தால்: "இந்த 16 ஆயிரம் போனாலும் போகும்." சொல்ல முடிந்தால் போடுங்கள். நாக்கு எழவில்லை என்றால் தொகை பெரியது. நான் 80 ஆயிரத்தைச் சொல்லவில்லை. பள்ளியில் இருந்து கட்டணம் கேட்டு மெசேஜ் வந்தபோது அவளே கண்டுபிடித்தாள். "ஏனுங்க, ஃபீஸ் கட்டலீங்களா?" என்றாள், அவ்வளவுதான். அதற்கப்புறம் நான்கு நாள் வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான்.

லாபத்துக்கும் ஒரு வரி எழுத வேண்டும். நஷ்டத்தைவிட இதுதான் என்னைக் கெடுத்தது. 2021 ஏப்ரலில் மச்சான் சொன்னான் என்று டோஜ்காயின் 5 ஆயிரத்துக்கு வாங்கினேன். மூன்று வாரத்தில் 20 ஆயிரத்துக்கு மேல். மே 6 அன்று விற்றேன். 8-ந் தேதி இரவு எலான் மஸ்க் அமெரிக்க டிவி நிகழ்ச்சியில் தோன்றினார், விலை சரிந்தது. இரண்டு நாள் முன்னால் விற்றவன் நான்! ஆபீசில் ஒரு மாதம் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் ஏன் விற்றேன் என்றால், எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் கம்ப்ரசர் போய்விட்டது. கத்திரி வெயிலில் வேறு வழியில்லை. அந்தக் கம்ப்ரசருக்கு வர வேண்டிய பேரை நான் வாங்கிக்கொண்டேன், அந்தப் பேரை நம்பித்தான் அடுத்த வருடம் லூனாவில் கை வைத்தேன்.

அதனால் இப்போது எதை விற்றாலும் அதே பக்கத்தின் கீழே இரண்டு கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். எழுதின காரணம் நடந்ததா? காசு வந்ததா? காரணம் நடக்காமல் காசு வந்தால் பக்கத்தில் "கம்ப்ரசர்" என்று குறித்துவிடுவேன். என் நோட்டில் ஏழு கம்ப்ரசர் இருக்கிறது. காரணம் சரியாக இருந்தும் காசு போன பக்கங்களும் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கும்போது முன்பு போல வயிறு எரிவதில்லை.

வரியைப் பற்றி அக்கவுண்ட்ஸ்காரன் பேசாமல் போனால் நன்றாக இருக்காது. 2022 ஏப்ரல் முதல் நம் நாட்டில் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அந்த வரியின்மேல் 4 சதவீத செஸ் என்ற கூடுதல் வரி. வாங்கிய விலையைத் தவிர வேறு செலவு எதையும் கழிக்க முடியாது. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது, அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. 2022 ஆகஸ்டில், பழைய பிட்காயினில் கொஞ்சம் விற்று 18 ஆயிரம் லாபம் பார்த்தேன். அதற்கு 5,616 ரூபாய் வரி கட்டினேன். லூனாவில் போன 80 ஆயிரம் அந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை. ஜூலை 2022 முதல் விற்கும்போதெல்லாம் ஒரு சதவீத டிடிஎஸ், அதாவது விற்ற தொகையிலேயே முன்கூட்டிப் பிடிக்கும் வரி வேறு. அது பிறகு வரியில் வரவாகும் என்றாலும், ஒரு லட்சத்தை இருபது முறை வாங்கி விற்றால் லாப நஷ்டமே இல்லாமல் 18 ஆயிரம் அங்கே போய் முடங்கிவிடும். தினம் வாங்கி விற்கும் ஆசை எனக்கு விட்டுப்போனதற்கு மனப்பக்குவம் காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் பாதிக் காரணம் இந்த டிடிஎஸ்தான்.

டெலிகிராம் குழுக்களிலிருந்து வெளியேறிவிடுங்கள். அங்கே யாரும் நஷ்டத்தைப் போட்டோ எடுத்துப் போடுவதில்லை. கிரிப்டோ வைத்திருக்கும் வாலட்டைத் திரும்பத் திறக்க உதவும் 12 அல்லது 24 ரகசியச் சொற்களைப் போனில் படம் எடுத்து வைக்காதீர்கள், தாளில் எழுதிப் பத்திரத்தோடு வையுங்கள். எஃப்டிஎக்ஸ் போன்ற பெரிய எக்ஸ்சேஞ்சே (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) 2022 நவம்பரில் திவாலாகி, அதை நடத்திய சாம் பேங்க்மேன்-ஃப்ரீடுக்கு 2024-ல் 25 வருடச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. யாரோ விளம்பரம் செய்கிறார் என்பது பாதுகாப்பு ஆகாது.

இந்த நோட்டு எப்போது கிரிப்டோவை விட்டு வெளியே வந்தது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. போன வருடம் பெருந்துறைப் பக்கம் ஒரு மனை வந்தது, புரோக்கர் "நாளைக்கு இருக்காதுங்க" என்றார். அன்றிரவு நோட்டில் எழுதினேன். "எது நடந்தால் நான் தப்பு" என்ற வரிக்கு வழிப் பிரச்சினை என்று எழுதி, மறுநாள் போய்ப் பார்த்தால் வண்டிப் பாதை பக்கத்துத் தோட்டத்துக்காரர் நிலத்தில் போகிறது. ஆபீசில் பணம் தராமல் இழுக்கும் பையருக்குச் சூடாக மெயில் அடிக்குமுன்னும் எழுதுகிறேன். பாதி மெயில்கள் அனுப்பப்படவே இல்லை.

2024 டிசம்பர் 5, வியாழக்கிழமை. காலை காபியோடு உட்கார்ந்தபோது பிட்காயின் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. எனக்கு விற்க மனமில்லை. இன்னும் ஏறும் என்று மனைவியிடம் ஐந்து காரணம் சொன்னேன், எல்லாம் நல்ல காரணங்கள். அவள் உள்ளே போய் நோட்டை எடுத்து வந்து போகிப் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்துவிட்டுச் சட்னி தாளிக்கப் போய்விட்டாள். பத்து மணிக்குப் பாதியை விற்றேன். 2025 அக்டோபரில் அது 1,20,000-ஐயும் தாண்டியபோது கை அரித்தது, அதையும் எழுதி வைத்தேன்.

அன்று அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தபோது ஓரத்தில் பென்சிலால் அவள் கையெழுத்து: "மீதிப் பாதிக்கு விலை எழுதலை." எப்போது எழுதினாள் என்று தெரியவில்லை. நான் இன்னும் எழுதவில்லை.