மேல் வலிதானே என்று விட்டுவிடாதீர்கள்: தைரொய்ட் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிற பெண் "மேலெல்லாம் வலிக்குது" என்று சொன்னால் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், யாரும் திடுக்கிடுவதில்லை. ஏற்றத்திலும் இறக்கத்திலும் நாள் முழுக்க நிற்கிறவளுக்கு வலிக்காமல் இருந்தால்தான் அதிசயம் என்பார்கள். என் அம்மா விஷயத்தில் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். இரண்டு வருஷம் தைலம் தேய்த்தோம், ஒத்தடம் கொடுத்தோம், பனடோல் வாங்கிக் கொடுத்தோம். கடைசியில் ஒரு ரத்தப் பரிசோதனையில்தான் தைரொய்ட் சுரப்பி சரியாக வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. அந்த இரண்டு வருஷத்தை நினைத்தால் இன்றைக்கும் மனது கேட்பதில்லை.

நாங்கள் செய்த முதல் தவறு, எல்லா வலியையும் வேலையின் மேலும் குளிரின் மேலும் போட்டதுதான். தைரொய்ட் சுரப்பி கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. உடம்பு எந்த வேகத்தில் சக்தியைச் செலவழிக்க வேண்டும் என்பதை அதன் ஹோர்மோன்தான் தீர்மானிக்கிறது. அது குறைந்தால் தசையும் மந்தமாகிவிடும். சுருங்கிய தசை தளர நேரம் எடுக்கும். அதனால்தான் விறைப்பு, பிடிப்பு, உளைச்சல் எல்லாம்.

வேலையால் வரும் வலி பெரும்பாலும் ஓய்வெடுத்தால் இறங்கும். தைரொய்ட் வலி லீவு நாளிலும் விடாது. குந்தியிருந்து எழும்பக் கையூன்ற வேண்டியிருக்கும். படியேறத் தொடை ஒத்துழைக்காது. தலைவாரக் கையைத் தூக்கினால் தோள் கனக்கும். ராத்திரியில் விரல்கள் மரத்துப்போய் விழிப்பு வரும். கொழுந்து பறிக்கிற கைக்கு மரப்பு சகஜம்தானே என்று இதையும் தள்ளிவிடுகிறோம்.

கூடவே வரும் மற்ற அடையாளங்களையும் சேர்த்துப் பாருங்கள். மற்றவர்கள் ஸ்வெட்டரைக் கழற்றும் வெயிலிலும் குளிருவது, சாப்பாடு கூடாமலே எடை கூடுவது, மலச்சிக்கல், முடி கொட்டுவது, தோல் வறள்வது, காலையில் முகம் ஊதுவது, குரல் கரகரப்பது, மாதப்போக்கு அதிகமாவது, மனச்சோர்வு. நுவரெலியா, ஹட்டன் பக்கம் எல்லோருக்குமே குளிரும் என்பதால் முதல் அடையாளத்தை யாரும் கவனிப்பதில்லை.

கழுத்தில் வீக்கம் இல்லையே, அப்புறம் என்ன தைரொய்ட் என்று கேட்பது அடுத்த தவறு. அந்த வீக்கம், அதாவது கழலை, இல்லாமலும் சுரப்பி பழுதாகலாம். கழலை இருந்தும் அது ஒழுங்காக வேலை செய்யலாம். கழலையைத் தடுக்க இலங்கையில் உப்பில் அயடீன் சேர்ப்பது 1995இல் சட்டமானது. அயடீன் போதுமான அளவு கிடைக்கும் இடங்களில், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கும் ஹஷிமோட்டோ நோய்தான் முக்கியமான காரணம். 1912இல் அதை விவரித்த ஜப்பானிய மருத்துவரின் பெயர் அது. இந்த நோய் பெண்களைத்தான் பல மடங்கு அதிகமாகப் பிடிக்கிறது.

வைத்தியரிடம் "மேல் வலி" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவதும் தவறுதான். அவர் வலிக்கு மருந்து தருவார், நாமும் வாங்கிக்கொண்டு வருவோம். எங்கள் பக்கத்தில் மொழிச் சிக்கலும் இருக்கிறது. சிங்களத்தில் சொல்லத் தயங்கி, பாதியை விழுங்கிவிடுகிறோம். முதல் நாளே எல்லா அறிகுறிகளையும் ஒரு தாளில் எழுதுங்கள், படித்த பிள்ளை யாரையாவது கூட்டிப்போங்கள், தைரொய்டைத் தூண்டும் ஹோர்மோனை அளக்கும் டீ.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். டீ.எஸ்.எச். அளவு உயர்ந்து, தைரொய்ட் சுரக்கும் டீ4 ஹோர்மோன் குறைந்திருந்தால் சுரப்பு குறைவு என்று அர்த்தம். கொழுப்புக்காக ஸ்டாட்டின் குளிசை எடுப்பவர்கள் அதையும் கட்டாயம் சொல்ல வேண்டும். தைரொய்ட் குறைபாட்டைக் கவனிக்காமல் அதைக் குடித்தால் தசை வலி கூடலாம். டைக்ளோபெனாக் போன்ற வலிக் குளிசைகளைக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறவர்கள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் சேர்த்துக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

நோய் தெரிந்த பிறகு நடக்கும் தவறுகளில் பெரியது தேத்தண்ணி. குறைந்த ஹோர்மோனை ஈடுகட்டத் தரும் தைரொக்சின் குளிசையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு குடிக்க வேண்டும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் தேத்தண்ணியோ சாப்பாடோ. பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க, போகிற அவசரத்தில் சாயத்தண்ணியோடு சேர்த்து விழுங்கினால் மருந்து முழுதாக உடம்பில் சேராது. அம்மா இப்போது குளிசையைத் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறார். எழும்பியதும் அதைக் குடித்துவிட்டு ரொட்டி சுட ஆரம்பிப்பார். சுட்டு முடிவதற்குள் நேரம் சரியாகிவிடும். இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். ரத்தச்சோகைக்குக் குளிசை எடுக்கும் பெண்கள் இதைக் கவனிக்கத்தான் வேண்டும்.

பத்து நாளில் வலி போகவில்லை என்று நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள், நன்றாகிவிட்டதே என்று நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். குளிசையின் அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் டீ.எஸ்.எச். பார்த்துச் சொல்ல முடியும். தசை வலி தீர மாதங்கள் ஆகலாம். பக்கத்து லயத்து அக்காவின் குளிசையை வாங்கிக் குடிக்காதீர்கள். அளவு கூடினால் நெஞ்சு படபடக்கும், எலும்பு தேயும். கர்ப்பம் தரித்தால் நிறுத்தவே கூடாது, உடனே கிளினிக்கில் சொல்லுங்கள், பெரும்பாலும் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. டீ.எஸ்.எச். கொஞ்சமே உயர்ந்திருந்தால் வலிக்கு அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அளவு சரியான பிறகும் வலி நீடித்தால் விட்டமின் டீ குறைபாடு, நீரிழிவு, முடக்குவாதம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். அம்மாவின் தோளும் தொடையும் நான்கைந்து மாதத்தில் தேறின. இடது முழங்கால் மட்டும் தேறவில்லை. அது தேய்மானம் என்று எக்ஸ்ரேயில் தெரிந்தது. அதற்குத் தனியாக வைத்தியம் நடக்கிறது.