திருகோணமலையில் தகரக் கூரையைப் பேணும் முறை: புதியவர்களுக்கான செய்முறை

தகரக் கூரை ஒழுகுவதை நாம் கார்த்திகையில்தான் கண்டுபிடிக்கிறோம். ஆனால் அந்தப் பழுது பெரும்பாலும் மாசியிலும் பங்குனியிலுமே தொடங்கிவிடுகிறது. மாரி மாதங்களில் வாடைக்காற்று கடலிலிருந்து உப்பைக் கொண்டுவந்தாலும், கூடவே வரும் மழை அதைக் கழுவிவிடுகிறது. தை பிறந்த பின்னர் மழை குறைந்துவிட, காற்று மட்டும் கடற்பக்கமிருந்து இன்னும் சில வாரங்கள் வீசுகிறது. அப்போது படியும் உப்பு அடுத்த மாரிவரை அங்கேயே கிடந்து, இரவுக் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, மழை பெய்யாத நாட்களிலும் தகரத்தை நனைந்தபடி வைத்திருந்து, முதலில் அதன் மேலுள்ள நாகப்பூச்சையும் (துத்தநாகப் பூச்சு) பின்னர் அதன் கீழுள்ள இரும்பையும் அரிக்கிறது. ஆகவே கூரைப் பராமரிப்பைக் கோடைகால வேலையாகவே கொள்ள வேண்டும்.

ஏறுவதற்கு முன்

காலையில் பனி காய்ந்த பின்னர், வெயில் ஏறுவதற்கு முன்னர் வேலையைத் தொடங்குங்கள். ஈரத் தகரம் வழுக்கும். பகல் பத்து மணிக்குப் பின் அதே தகரத்தில் கை வைக்க இயலாது. இறப்பர் அடியுள்ள சப்பாத்தை அணிந்து, திருகாணி வரிசைகளின் மீது மட்டும் கால் வையுங்கள். அவற்றின் கீழேதான் தாங்கும் சட்டம் இருக்கிறது. வெளிச்சத்துக்காக இடையிடையே போட்டிருக்கும் பிளாஸ்ரிக் சீற்றை ஒருபோதும் மிதிக்கக் கூடாது. வீட்டுக்கு வரும் மின்கம்பி எங்கே செல்கிறது என்பதைப் பார்த்துவிட்டு, ஏணியைப் பிடிக்க ஒருவரைக் கீழே நிறுத்திய பின்னரே ஏறுங்கள்.

முதற்படி: கழுவுதல்

செலவு குறைந்ததும் பயன் மிகுந்ததும் இந்தப் படிதான். பங்குனியில் ஒரு முறையும் ஆடியில் ஒரு முறையும் கூரையை நன்னீரால் கழுவுங்கள். உப்புவெளி, நிலாவெளி போன்ற இடங்களில் கரையை ஒட்டி வீடு இருந்தால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கழுவுவதே நல்லது. தம்பலகாமம் பக்கம் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை போதும் என்பது என் கணிப்பு. கரையோரக் கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பாக இருப்பதால், கிணற்று நீரை வாயில் வைத்துப் பார்த்துவிட்டே பயன்படுத்துங்கள். உவர்நீரால் கழுவினால் உப்பின் மேல் உப்பைச் சேர்த்தவர்களாவோம், குழாய்நீரே பாதுகாப்பானது.

முகட்டிலிருந்து கீழ்நோக்கி நீரைப் பாய்ச்சுங்கள். கீழிருந்து மேல்நோக்கி வேகமாகப் பாய்ச்சினால் சீற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் மடிப்புகளுக்குள் நீர் புகுந்துவிடும். அழுக்கு ஒட்டியிருந்தால் மென்மையான தும்புத் தடியும் சிறிதளவு பாத்திரச் சவர்க்காரமும் போதும். குளோரின் தூளும் உருக்கு நாரும் வேண்டாம். இறுதியாக, பலரும் மறக்கும் இடத்துக்கு வாருங்கள். அது தாழ்வாரத்தின் அடிப்பக்கம். மழை அந்த இடத்தை ஒருபோதும் கழுவுவதில்லை என்பதால், மேற்பக்கம் பளபளப்பாக இருக்கும் வீடுகளிலும் துரு முதலில் அங்கேதான் எட்டிப் பார்க்கிறது.

பீலியிலும் முகட்டோரத்திலும் சேரும் வேப்பிலை, தென்னோலைத் துண்டுகளை அன்றைக்கே அள்ளிவிடுங்கள். நனைந்த சருகு கிடக்கும் இடத்தில் தகரம் காய்வதே இல்லை. கூரையில் உராயும் மட்டைகளை வெட்டிவிட்டால் பூச்சும் தப்பும், குரங்குகள் இறங்கும் வழியும் குறையும்.

இரண்டாம் படி: திருகாணிகள்

6 மீற்றர் நீளமுள்ள தகரம், இரவுக்கும் நண்பகலுக்கும் இடையே 40 பாகை வெப்ப வேறுபாடு ஏற்பட்டால், ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் நீண்டு சுருங்கும். நாள்தோறும் நிகழும் இந்த அசைவில்தான் திருகாணியின் துளை மெல்லப் பெருக்கிறது. வெயிலில் இறப்பர் வளையமும் வெடிக்கிறது. ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். வளையம் வெடித்திருந்தால் அல்லது ஆணித் தலை துருப்பிடித்திருந்தால் மாற்றுங்கள். பிடி தளர்ந்து சுழன்றால் ஒரு அளவு பருத்த திருகாணியை அதே துளையில் ஏற்றுங்கள். வளையம் தகரத்தோடு படிந்து, ஆணித் தலையின் விளிம்புக்குச் சற்றே வெளியே தெரியும் அளவோடு முறுக்கை நிறுத்த வேண்டும். பிதுங்கும் வரை முறுக்கினால் அந்த வளையம் அடுத்த கோடையிலேயே வெடித்துவிடும்.

முகடு, தாழ்வாரம், மூலைகள் ஆகியவற்றைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். புயற்காற்று கூரையை அழுத்துவதைவிட மேல்நோக்கி உறிஞ்சி இழுப்பதே அதிகம். அந்த இழுப்பு மிகுவது விளிம்புகளில்தான். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்ததை அறிந்தவர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை.

துளையிட்டோ வெட்டியோ முடித்ததும் இரும்புத் தூளை அன்று மாலைக்குள் துடைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் வேலை செய்தவர் அதை விட்டுச் சென்றதால், இரண்டே வாரத்தில் புதுத் தகரம் முழுவதும் செம்புள்ளிகள் விழுந்தன.

மூன்றாம் படி: துருவும் வர்ணமும்

வெண்தூள் போல் தெரிவது நாகப்பூச்சு அரிபடுவதன் அடையாளம். இந்நிலையில் கழுவி உலர்த்துவதே பெரும்பாலும் போதும். செந்துரு தெரிந்தால் கம்பித் தூரிகையால் சுரண்டி, நன்னீரால் கழுவி, நன்றாக உலரவிட்டு, நாகம் கலந்த அடிப்பூச்சு ஒன்றும் கூரைக்கான அக்ரிலிக் வர்ணம் இரண்டு முறையும் பூசுங்கள். விரல் அழுத்தத்துக்கே தகரம் பொடிந்தால் வர்ணத்தால் பயனில்லை, சீற்றையே மாற்ற வேண்டும். கழுவாமல் பூசுவது பணத்தைக் கடலில் எறிவதற்குச் சமம். உப்பின் மேல் பூசிய வர்ணம் ஈரத்தை உள்ளிழுத்துக் கொப்பளிக்கும்; நானும் அவசரத்தில் ஒரு முறை அப்படிப் பூசி, மறு ஆண்டே அனைத்தையும் சுரண்டினேன். கொதிக்கும் தகரத்திலும் பூசக் கூடாது. ஆவணி முடிவதற்குள் வேலையை முடித்தால், மழைக்கு முன் பூச்சு இறுகப் போதிய நாள் கிடைக்கும். புதிதாகப் பூசுவோர் வெளிர் நிறத்தைத் தேர்ந்தால் வீட்டுக்குள் வெக்கையும் குறையும்.

சிறு துளைகளையும் மடிப்புகளையும் அடைக்கச் சிலிக்கன் பசை வாங்கும்போது மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வினாகிரி மணம் வந்தால் அதைத் தவிருங்கள். அதிலிருந்து வெளியேறும் அமிலம் நாகப்பூச்சை அரிக்கும். கூரைத் தகரத்துக்கு உகந்த நடுநிலைச் சிலிக்கன் என்று கேட்டு வாங்குங்கள். குளிரூட்டியின் செப்புக் குழாயிலிருந்து நீர் கூரையில் சொட்டினால் அதைத் திசை திருப்புங்கள். செம்பைத் தொட்டு வரும் நீரும் நாகத்துக்குப் பகை.

நான்காம் படி: உள்ளிருந்து பார்த்தல்

நண்பகலில் கதவு சன்னல்களை மூடி, இருட்டில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஊசிமுனை அளவு துளையும் நட்சத்திரம் போல் மின்னும். அந்த இடங்களைச் சோக்கால் குறியுங்கள், பென்சிலால் வேண்டாம். நாகமும் அலுமினியமும் கலந்து பூசிய இன்றைய தகரங்களில் பென்சிலின் கரி ஈரத்தோடு சேர்ந்து, கோடு போட்ட அதே தடத்தில் பூச்சை அரித்துவிடும்.